இருபத்தொரு கியரும் மூன்று கியரும்: மிதிவண்டியை வகுப்பறைக்குள் கொண்டுவருதல்

(குறுவள மையக் கூட்டத்தில் முதுகலை இயற்பியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"எளிய இயந்திரங்கள் பற்றிப் பேசுங்கள்" என்றுதான் என்னை அழைத்தார்கள். நெம்புகோலும் கப்பியும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நம் ஒவ்வொரு பள்ளியின் கொட்டகையிலும் நூறு இயந்திரங்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றில் ஒன்றைப் பற்றிப் பேசுகிறேன்: மிதிவண்டி. அதிலும் அதன் கியர்.

"சார், 21 கியர் சைக்கிள் ரொம்ப வேகமா போகுமா?" ஆறாம் வகுப்பில் தொடங்கிப் பன்னிரண்டாம் வகுப்பு வரை பிள்ளைகள் கேட்கும் கேள்வி இது. அரசு கொடுத்த கியர் இல்லாத வண்டியில் வரும் பிள்ளை இதைக் கேட்கும்போது குரலில் கொஞ்சம் ஏக்கமும் இருக்கும். ஆம், இல்லை என்று சொல்லி இதைக் கடந்துவிடக் கூடாது. பல்லை எண்ணச் சொல்ல வேண்டும்.

எண்ணுவோம். முன்னால் பெடலோடு சேர்ந்த பல்சக்கரத்தில் 44 பல், பின்னால் ஃப்ரீவீலில் 18 பல் உள்ள சாதாரண வண்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பெடல் ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரம் 44/18, அதாவது 2.44 சுற்று சுற்றும். 26 அங்குலச் சக்கரத்தின் விட்டம் ஏறத்தாழ 66 சென்டிமீட்டர், சுற்றளவு 2.07 மீட்டர். இரண்டையும் பெருக்கினால் பெடலின் ஒரு சுற்றுக்கு வண்டி 5 மீட்டருக்குச் சற்று அதிகமாகப் போகிறது. நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 18 கிலோமீட்டர்.

இப்போது 21 கியர் வண்டிக்கு வருவோம். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் ஓர் அமைப்பில் முன்னால் மூன்று பல்சக்கரங்கள்: 42, 34, 24. பின்னால் ஏழு: 14, 16, 18, 20, 22, 24, 28. மூன்றை ஏழால் பெருக்கினால் 21. அந்த 21 இப்படித்தான் வந்தது. மிகப் பெரிய கியர் 42/14, சரியாக 3. பெடலின் ஒரு சுற்றுக்கு 6.2 மீட்டர். அதே 60 சுற்று மிதித்தால் மணிக்கு 22 கிலோமீட்டர். சாதாரண வண்டியைவிட ஐந்தில் ஒரு பங்குதான் அதிகம். அந்தக் கூடுதல் வேகத்துக்குக் கால் கூடுதலாக அழுத்தியாக வேண்டும். கியர் பெட்டிக்குள் ஆற்றல் ஊறுவதில்லை.

அப்படியானால் கியர் எதற்கு? எதிர்ப்பக்கம் பாருங்கள். மிகச் சிறிய கியர் 24/28. அதில் பெடலின் ஒரு சுற்றுக்கு வண்டி 1.8 மீட்டர்கூடப் போகாது. மணிக்கு 6 கிலோமீட்டர் அளவில் ஊரும். ஆனால் செங்குத்தான மேட்டிலும் இறங்கித் தள்ள வேண்டாம். வேகத்தை விட்டுக்கொடுத்து விசையை வாங்குகிறோம். பிள்ளைகள் கியரை வேகத்துக்கான கருவி என்று நினைக்கிறார்கள். மேட்டில்தான் அதன் அருமை தெரியும்.

இன்னொரு வேடிக்கை. அந்த 21 விகிதங்களையும் மாணவர்களை அட்டவணையாக எழுதச் சொல்லுங்கள். 42/28 எவ்வளவு? 1.5. 24/16 எவ்வளவு? அதுவும் 1.5. 42/24, 24/14, 34/20 மூன்றும் ஏறத்தாழ 1.7 பக்கத்திலேயே நிற்கும். ஒன்றுக்கொன்று நெருங்கியவற்றைச் சேர்த்துவிட்டால் உண்மையில் வேறுபட்டவை 14 அளவில்தான் தேறும். பின்னத்தைச் சுருக்குவதற்கு இதைவிட ஆர்வமான பயிற்சி எனக்குக் கிடைத்ததில்லை. பெட்டியில் எழுதிய எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது என்பதையும் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிக்கிறார்கள்.

இந்த வகைக் கியருக்கு டிரெய்லியர் என்று பெயர். தண்டவாளத்திலிருந்து இறக்குவது என்ற பொருள் தரும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. பெயருக்கேற்ற வேலைதான். ஓடிக்கொண்டிருக்கும் செயினை ஒரு பல்லிலிருந்து தள்ளி அடுத்த பல்லில் ஏற்றுகிறது. பின்னால் தொங்கும் கையில் இரண்டு குட்டிச் சக்கரங்கள் இருக்கும். மேலே உள்ளது செயினுக்கு வழிகாட்டும். கீழே உள்ளது தொய்வை இழுத்துப் பிடிக்கும். நம் ஊரில் செயின் கழன்றால் திட்டுகிறோம். வேண்டுமென்றே செயினைக் கழற்றி மாட்டும் கருவி இது என்று சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். செயின் நகர்ந்துகொண்டிருந்தால்தான் இந்த மாற்றம் நடக்கும். அதனால் நின்றபடி கியர் மாற்ற முடியாது.

மற்றொரு வகையை நம்மில் பலர் பார்த்திருக்க மாட்டோம். அதுதான் ஹப் கியர். வெளியே பார்த்தால் ஒரே செயின், ஒரே பின்பல். பின்சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப் மட்டும் கொஞ்சம் பருமனாக இருக்கும். கியர் முழுக்க அதற்குள் இருக்கிறது. இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஸ்டர்மி ஆர்ச்சர் என்ற பெயரில் மூன்று வேக ஹப் விற்பனைக்கு வந்துவிட்டது. அவர்கள் 1936இல் கொண்டுவந்த ஏ.டபிள்யூ. என்ற மாதிரிதான் என் மனதுக்குப் பிடித்தது. அதன் கணக்கு அவ்வளவு அழகு.

உள்ளே நடுவில் 20 பல் கொண்ட சக்கரம் ஒன்று, அச்சோடு அசையாமல் நிற்கிறது. அதற்குச் சூரியச் சக்கரம் என்று பெயர். அதைச் சுற்றி, அதே 20 பல் கொண்ட கோள் சக்கரங்கள் ஒரு சட்டத்தில் பொருத்தப்பட்டு உருள்கின்றன. எல்லாவற்றையும் சூழ்ந்து, உட்புறம் 60 பல் கொண்ட வளையம். சட்டம் ஒரு சுற்று போனால் வளையம் எத்தனை சுற்று போகும்?

சூத்திரம் வேண்டாம். ஓர் உருளைப் பென்சிலை மேசையில் வையுங்கள். அதன் மேல் அளவுகோலை வைத்து மெல்லத் தள்ளுங்கள். பென்சில் 5 சென்டிமீட்டர் உருண்டால் அளவுகோல் எவ்வளவு நகரும்? பெரும்பாலான பிள்ளைகள் 5 என்பார்கள். அளந்தால் 10 வரும். உருளும் பொருளின் அடிப்பகுதி அந்தக் கணத்தில் அசைவதில்லை. மையம் நகரும் வேகத்தைப் போல் இரு மடங்கில் உச்சி நகர்கிறது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் செய்து பார்க்கலாம்.

இதையே வட்டமாக வளைத்தால் ஹப். மேசைதான் சூரியச் சக்கரம், பென்சில் கோள் சக்கரம், அளவுகோல் வளையம். சூரியனின் ஆரத்தை 1 என்று கொண்டால் கோளின் ஆரமும் 1. ஆகவே கோளின் மையம் நடுவிலிருந்து 2 அலகு தூரத்தில், வளையம் 3 அலகு தூரத்தில். வளையத்தின் வேகம் கோள் மையத்தின் வேகத்தைப் போல் இரு மடங்கு. ஆனால் அது சுற்ற வேண்டிய வட்டம் ஒன்றரை மடங்கு பெரிது. இரண்டை ஒன்றரையால் வகுத்தால் 4/3. சட்டம் ஒரு சுற்று போனால் வளையம் ஒன்றே கால் சுற்றைவிடச் சற்று அதிகமாகச் சுற்றும். இதையே தலைகீழாக்கி வளையத்தைச் செயினால் ஓட்டிச் சட்டத்திலிருந்து சக்கரத்தை இயக்கினால் 3/4. இரண்டையும் தவிர்த்து நேராக இணைத்தால் 1. ஒரே பற்சக்கரக் கூட்டம், உள்ளே நுழையும் வாசலையும் வெளியேறும் வாசலையும் மாற்றினால் மூன்று கியர்.

முதலில் சொன்ன 44க்கு 18 வண்டியில் இந்த ஹப் இருந்தால் பெடலின் ஒரு சுற்றுக்கு 3.8, 5.06, 6.75 மீட்டர். கவனியுங்கள்: 6.75 என்பது 21 கியர் வண்டியின் உச்சக் கியரைவிடப் பெரிது. மேட்டில் மட்டும் 21 கியர் வெல்லும்.

எது சிறந்தது என்று கேட்பீர்கள். என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். தினமும் ஓட்டி, மழையில் நனைத்து, நூறு வண்டிகளோடு இடித்து நிறுத்தும் வண்டிக்கு ஹப் கியர்தான் பொருத்தம். பற்கள் உறைக்குள் எண்ணெயில் இருக்கின்றன. தூசி, சேறு போகாது. செயின் ஒரே நேர்க்கோட்டில் ஓடுவதால் முழுச் செயின் கவர் போடலாம். பாவாடையும் தாவணியும் சிக்காது. சிக்னலில் நின்றபடியே கியரை மாற்றலாம். நெதர்லாந்தில் அன்றாட வண்டிகளில் இந்த வகை இவ்வளவு பரவியிருப்பதற்கு இவையெல்லாம் காரணம்.

குறைகளும் உண்டு. எடை கூடுதல். உள்ளே பல்லோடு பல் உரசுவதால் ஆற்றல் இழப்பும் சற்றுக் கூடுதல். சுத்தமாக எண்ணெயிட்ட டிரெய்லியரைவிட ஏறத்தாழ 2 சதவீதம் குறைவு என்பது பொதுவான கணக்கு. பந்தயக்காரருக்கு அது பெரிய தொகை. பள்ளிக்கு வரும் பிள்ளைக்குக் காற்றுக் குறைந்த டயர் அதைவிட அதிகம் தின்றுவிடும். நமக்குப் பெரிய குறை வேறு. டிரெய்லியரின் பிழை கண்ணுக்குத் தெரியும், ஸ்குரூடிரைவர் போதும். ஹப் பழுதானால் நம் ஊர் சைக்கிள் கடை அண்ணன் அதைத் திறக்கத் தயங்குவார், பாகமும் கிடைக்காது. கிடைக்காத பொருளைச் சிறந்தது என்று சொல்லி என்ன பயன்?

பந்தயம் என்றதும் ஒன்று. 1903இல் தொடங்கிய டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் டிரெய்லியருக்கு 1937 வரை அனுமதி இல்லை. பந்தயத்தைத் தொடங்கிய ஆன்ரி டெக்ராஞ்ச், கியர் வீரனின் உழைப்பைக் குறைத்துவிடும் என்று கருதியவர். அதுவரை மலையடிவாரத்தில் வீரர்கள் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டி, மறுபக்கத்துப் பெரிய பல்லில் செயினைப் போட்டுக்கொண்டு ஏறினார்கள். கால்குலேட்டர் கொடுத்தால் பிள்ளைகள் கெட்டுவிடுவார்கள் என்று ஓய்வறையில் நாம் பேசுவது எனக்கு நினைவுக்கு வரும்.

எங்கள் பள்ளியில் பதினோராம் வகுப்பு மாணவி ஒருவர் 7 கிலோமீட்டர் தொலைவிலிருந்து அரசு கொடுத்த வண்டியில் வருகிறார். கடைசி ஒரு கிலோமீட்டர் மேடு. இறங்கித் தள்ளிக்கொண்டு வந்து சேரும்போது முதல் பாடவேளையில் பாதி போயிருக்கும். அவருக்கு அது பெரும்பாலும் இயற்பியல். ஒருநாள் அவருடைய அம்மா வந்தார். "சார், சீட்டு எடுத்திருக்கேன். 21 கியர் வண்டி வாங்கிக் கொடுத்தா பொண்ணு நேரத்துக்கு வந்துடுமா?" ஆறு மாதச் சேமிப்பு அது.

அவரையும் மாணவியையும் உட்காரவைத்து மேலே சொன்ன கணக்கையே போட்டோம். மேட்டுக்கு 1.8 மீட்டர் கியர் தேவையில்லை. 5 மீட்டரிலிருந்து கொஞ்சம் இறங்கினால் போதும் என்று தெரிந்தது. 18 பல் ஃப்ரீவீலைக் கழற்றி 22 பல் போட்டால்? 44/22, சரியாக 2. பெடலின் ஒரு சுற்றுக்கு 4.14 மீட்டர். அதே மேட்டில் கால் கொடுக்க வேண்டிய விசை ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகக் குறையும். விலை? 7 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1,380 சுற்று மிதித்தவர் இனி 1,690 சுற்று மிதிக்க வேண்டும். இந்த 300 சுற்றுக் கணக்கை அந்த மாணவியே கரும்பலகையில் போட்டார்.

கடையில் ஃப்ரீவீலை மாற்றிச் செயினில் இரண்டு கண்ணி சேர்த்துக் கொடுத்தார்கள். சீட்டுப் பணம் அப்படியே இருந்தது. மேட்டின் கடைசி வளைவில் இன்னும் இறங்கித்தான் தள்ளுகிறார். சமதளத்தில் கால் வெறுமனே சுற்றுகிறது என்று குறையும் சொல்கிறார். ஆனால் இறைவணக்கக் கூட்டத்துக்கு வந்துவிடுகிறார்.

ஏற்கெனவே டிரெய்லியர் வண்டி வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லுங்கள். கொட்டகையில் வண்டியை வலப்பக்கமாகச் சாய்க்கக் கூடாது. விழுந்தால் தொங்கும் கை வளையும். வளைந்த கையோடு மிகப் பெரிய பின்பல்லுக்கு மாற்றினால் அது ஸ்போக்ஸ் கம்பிக்குள் போய்ச் சக்கரத்தையே நிறுத்திவிடும். எங்கள் கொட்டகையில் அப்படி முடங்கிய வண்டிகள் இரண்டு நிற்கின்றன.

தொடக்க வகுப்பில் பல் எண்ணலாம், பென்சில் உருட்டலாம். ஏழு, எட்டில் நேர்விகிதம், எதிர்விகிதம். பத்தாம் வகுப்பில் திருப்புத்திறன் நடத்தும்போது பற்சக்கரப் பகுதியைப் படத்தோடு நிறுத்தாமல் ஒரு வண்டியைத் தலைகீழாக நிறுத்துங்கள். பின்டயரில் சாக்பீஸால் ஒரு கோடு, பெடலில் ஒரு கோடு. விரலைச் செயின் பக்கம் கொண்டுபோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அட்டையில் செய்த சூரியச் சக்கரமும் கோள் சக்கரங்களும் பின்மேசையில் இருக்கின்றன. தேநீர் இடைவேளையில் சட்டத்தைப் பிடித்து ஒரு சுற்று சுற்றி, வளையத்தில் உள்ள சிவப்புக் கோடு எங்கே வந்து நிற்கிறது என்று பாருங்கள்.