மேசைக்கு வந்து சேரும் ஒளி
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் இரவுப் பாடசாலைக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



விழா மேடையில் மின்விளக்கைப் பற்றிப் பேச வந்தார்களே என்று சிலர் வியக்கக்கூடும். எங்களால் நேர்ந்த ஒரு பிழையே எங்களை இக்கணக்கைக் கற்கச் செய்தது. நம் இரவுப் பாடசாலையில் சுவரோரம் அமரும் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி புத்தகத்தை முகத்தோடு ஒட்டி வைத்துப் படிப்பாள். எழுதுகையில் வரி தவறுவாள். படிப்பில் மந்தம் என்றே நாங்கள் முடிவு கட்டினோம். பின்னர், பார்வைக் குறையோ என ஐயுற்று, அவளுடைய அன்னையாரை ஒரு நாள் கூலியை விட்டு மருத்துவமனைக்குச் செல்ல வைத்தோம். கண்ணில் குறை ஏதுமில்லை. நடுவில் அமர்த்திய அன்றே புத்தகம் முகத்தை விட்டு விலகியது.

அந்நாளில் கூடத்தின் நடுவே ஒரே விளக்கு தொங்கியது. மிக உயரத்தில் இருக்கிறது என்று எண்ணிக் கம்பியை நீட்டித் தாழ்த்தினோம். நடுவிடம் பளிச்சென்றது, சுவரோரமோ மாறவேயில்லை. ஏன்?

விளக்கு வெளியிடும் மொத்த ஒளியை லூமென் என்றும், ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லூமென் விழுந்தால் அதனை ஒரு லக்ஸ் என்றும் வழங்குவர். ஒரு திசையில் செல்லும் ஒளியின் வன்மைக்குக் கேண்டெலா என்று பெயர். எளிமைக்காக, நம் விளக்கு எல்லாத் திசையிலும் 200 கேண்டெலா தருவதாகக் கொள்வோம். தொலைவின் இருமடியால் இதனை வகுக்க வேண்டும். மேசைக்கு மேல் 2 மீட்டர் உயரத்தில் விளக்கு இருந்தால், நேர் கீழே 200ஐ 4ஆல் வகுக்க, 50 லக்ஸ். 2 மீட்டர் தள்ளி அமர்ந்த பிள்ளைக்குச் சாய்தொலைவின் இருமடி 8, ஆகவே 25. அத்துடன் ஒளி சாய்ந்து விழுவதால் அதே ஒளி அதிகப் பரப்பில் பரவுகிறது. சாய்கோணத்தின் கொசைன் 0.707ஆல் பெருக்கினால், எஞ்சுவது ஏறக்குறைய 18 லக்ஸ்.

இனி விளக்கை 1 மீட்டருக்குத் தாழ்த்துவோம். நடுவில் 200 லக்ஸ்! ஓரத்திலோ தொலைவின் இருமடி 5, கொசைன் 0.447. விடை மீண்டும் அதே 18. தாழ்த்தியதன் பயன் முழுவதும் நடுவில் இருந்தவர்க்கே போயிற்று.

இக்கொசைன் விதியை 1760ஆம் ஆண்டில் தம் நூலில் வகுத்துரைத்தவர் லாம்பர்ட். தையற்காரரின் மகன், தந்தைக்கு உதவப் பன்னிரண்டாம் வயதில் பள்ளியை விட்டவர், பின்னர் தாமே கற்றவர். இளைஞர்கள் இப்பெயரைக் குறித்துக்கொள்ளலாம்.

ஆகவே ஒரு விளக்கைப் பெரிதாக்குவதை விட்டு, பல விளக்குகளைப் பரப்புவதே முறை. படிக்குமிடத்திற்கு 300 லக்ஸ் என்பது பொதுவாகக் கொள்ளும் அளவு. நம் கூடம் 8 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம். 40 சதுர மீட்டர். மேசைகளுக்கு 12,000 லூமென் வந்து சேர வேண்டும். ஆனால் விளக்கின் ஒளி முழுவதும் மேசைக்கு வாராது. சுவர் வெண்மையாக இருந்தால் பாதி வரும் என்று கொள்ளலாம். தூசிக்கும் பழமைக்கும் ஈடாக 0.8ஆல் பெருக்க வேண்டும். 12,000ஐ 0.5, 0.8 இரண்டாலும் வகுக்க 30,000 லூமென் ஆகிறது. 20 வாட் எல்.இ.டி. குழல்விளக்கு ஒன்று 2,000 லூமென் தருமாயின் (அதன் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும், பார்த்து வாங்குக) 15 குழல்கள் போதும். மூன்று மணி நேரம் எரிந்தால் செலவு 0.9 யூனிட்.

சுவர் புகையேறிக் கறுத்து, பாதிக்குப் பதில் 0.4 பங்கே வருமாயின் 19 குழல்கள் வேண்டும். நான்கு குழல்களின் வேலையைச் சுண்ணாம்பு செய்துவிடுகிறது!

பதினைந்தையும் வரிசைக்கு ஐந்தாக மூன்று வரிசைகளில், கூடத்தின் நீளவாக்கில் அமைக்க வேண்டும். ஓர வரிசை சுவரிலிருந்து 83 சென்டிமீட்டரில் வரும். வரிசைகளுக்கிடையே அதன் இருமடங்கு இடைவெளி. ஓரத்தைச் சுவரிலிருந்து வெகுதூரம் தள்ளிவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. நாங்களும் முதலில் அப்படித்தான் வரைந்தோம்.

வரும் ஞாயிறு காலை கூடத்திற்குச் சுண்ணாம்பு அடிக்கிறோம். இளைஞர்கள் மட்டையோடு வருக. குழல்கள் மாட்டியபின் அன்று மாலையே லக்ஸ் மானி வைத்து அளப்போம். முதல் அளவு, அம்மாணவி அமர்ந்திருந்த சுவரோரத்தில் எடுக்கப்படும். மானியைப் பிடிக்க அவளே இசைந்திருக்கிறாள்.