நோயாளரின் உறக்கத்தைக் காப்போம்



சூக் மாநில மருத்துவமனை 2008ஆம் ஆண்டு பார் நகரின் புதிய கட்டடத்துக்கு மாறியது. உறவினர் எவரேனும் அங்கு அனுமதிக்கப்பட்டால், குடும்பமாகச் சென்று பார்ப்பது நமது வழக்கம். அப்போது நாம் மறந்துவிடும் ஒன்று நோயாளரின் உறக்கம்.

நோயாளர் அறையில் இரவு இரைச்சல் சராசரியாக 30 டெசிபெல்லைத் தாண்டலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999இல் பரிந்துரைத்தது. ஆனால், 1960இல் 57 டெசிபெல்லாக இருந்த மருத்துவமனைகளின் சராசரிப் பகல் இரைச்சல் 72 ஆக உயர்ந்துவிட்டதை ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2005இல் எடுத்துக்காட்டினர். 10 டெசிபெல் கூடினால் ஒலியின் ஆற்றல் 10 மடங்காகும்.

கருவிகளின் எச்சரிக்கை ஒலி, தள்ளுவண்டி, கதவு, உரையாடல் ஆகியன உறக்கத்தைக் குலைக்கின்றன. உறக்கம் கெட்டால் வலி கூடுதலாகத் தெரியும். முதியோருக்கு மனக்குழப்பமும் நேரலாம்.

டொச் மொழி அறியாத நம் முதியோர் பலர், தாதியருக்குத் தொல்லை கொடுக்கலாகாது என்றெண்ணி, இரவெல்லாம் விழித்திருந்துவிட்டுக் காலையில் "சுகம்" என்பர். இளையோரே, அவர்களின் குரலாக நீங்கள் பேசவேண்டும். "இரவு உறங்கினீர்களா?" என முதலில் கேளுங்கள். கதவைச் சாத்தி வைக்கலாமா, காதடைப்பான் கிடைக்குமா எனத் தாதியரிடம் பணிவுடன் வினவுங்கள். அது முறைப்பாடு அன்று. சிகிச்சைக்கு உதவும் தகவல்.

பெற்றோரே, நாமும் இருவர் இருவராகச் செல்வோம். கைத்தொலைபேசியின் ஒலியை நிறுத்தி வைப்போம். தாயகத்து உறவுகளுடன் உரக்கப் பேசுவதை வெளியில் வைத்துக்கொள்வோம். பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கும் உறக்கம் வேண்டுமல்லவா?