தண்ணியில்லாக் காடா ஜவ்வாது மலை?

(இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அரசு வேலையில் இருப்பவர்களிடம் ஒரு பேச்சு உண்டு. ‘தண்ணியில்லாக் காட்டுக்குத் தூக்கி அடித்துவிட்டார்கள்’ என்பார்கள். ஜமுனாமரத்தூருக்கு மாற்றுப்பணி ஆணை வந்தால் நம் பிள்ளைகளும் இதையேதான் சொல்கிறார்கள். செய்யாறு எங்கே பிறக்கிறது தெரியுமா? அதே ஜவ்வாது மலையில்தான்! பீமன் நீர்வீழ்ச்சிக்கு விடுமுறை நாளில் பிள்ளைகுட்டிகளோடு வேன் பிடித்துப் போகிறோம். சுற்றிப் பார்க்கப் போனால் குளுகுளு மலை, வேலை பார்க்கப் போனால் தண்ணியில்லாக் காடா?

வேலையில் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகாத ஆசிரியர், செவிலியர், எழுத்தர் எல்லோரும் ஆணை கையில் கிடைத்ததும் நம் அலுவலகப் படியேறுகிறார்கள். ‘ஹஜ்ரத், எம்.எல்.ஏ.வுக்கு ஒரு கடிதம் கொடுங்கள். ரத்து செய்தாக வேண்டும்.’ ஆணையைப் படித்தாயா தம்பி என்று கேட்டால் பதில் வருவதில்லை. ஊர்ப் பெயரை மட்டும் படித்திருப்பார்.

முதலில் அந்தக் காகிதத்தைப் படியுங்கள். பணிமாறுதல் வேறு, மாற்றுப்பணி வேறு. பணிமாறுதல் என்றால் பழைய இடத்தோடு உங்கள் கணக்கு முடிந்தது. மாற்றுப்பணியில் உங்கள் பணியிடம் பழைய அலுவலகத்திலேயே இருக்கும். வேலை மட்டும் வேறிடத்தில். உங்கள் துறையை விட்டு ஒரு வாரியத்துக்கோ கழகத்துக்கோ அனுப்பினால் அதற்கு அயற்பணி என்று பெயர். ஆணையில் காலம் எழுதியிருக்கிறதா, சம்பளம் யார் தருவது, தகுதிகாண் பருவத்தில் இருப்பவருக்கு இந்த நாட்கள் கணக்கில் சேருமா? இவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ‘போய்ச் சேருங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று மேலதிகாரி வாயால் சொன்னது அவர் மாறிப் போகும் நாளோடு போய்விடும். விடுவிப்பு ஆணையின் நகலைப் பத்திரப்படுத்துங்கள். பணிப்பதிவேட்டில் பதிவு ஏறியதா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். இதையெல்லாம் கேட்பது உரிமை. அதில் வெட்கம் எதற்கு?

இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். மாற்றுப்பணி மலைக்கு ஏறுவது மட்டுமில்லை, மலையிலிருந்து இறங்கவும் செய்கிறது! மலைப்பள்ளியில் நியமனம் பெற்றவர், யாரையோ பிடித்து, சமவெளியில் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கு மாற்றுப்பணி வாங்கிவிடுகிறார் என்று வையுங்கள். சம்பளம் மலைக் கணக்கில், பாடம் சமவெளியில். ஏட்டில் அந்த இடம் காலி இல்லை. காலி இல்லாத இடத்துக்கு அரசாங்கம் வேறு ஆள் போடுமா? அந்த வகுப்புப் பிள்ளைகள் யாரிடம் போய்க் கேட்பார்கள்? அவர்களுக்கு எம்.எல்.ஏ. கடிதம் வாங்கிக் கொடுக்க ஹஜ்ரத் யாரும் இல்லை.

அந்தப் பிள்ளைகளும் வளர்ந்தபின் தற்காலிக வேலைக்குப் போகிறவர்கள்தான். ஏஜெண்டு வருவார், முன்பணம் கொடுப்பார், ஏற்றிக்கொண்டு போவார். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி ஆந்திரக் காவல்துறை சுட்டதில் 20 தமிழர்கள் இறந்தார்கள். அவர்களில் ஜவ்வாது மலைக்காரர்களும் இருந்தார்கள். அதே மலையில் புலியூரைச் சேர்ந்த பழங்குடிப் பெண் ஸ்ரீபதி, பிள்ளை பெற்ற சில நாட்களில் சென்னைக்குப் போய்த் தேர்வு எழுதி, உரிமையியல் நீதிபதியாகத் தேர்வானார் என்று 2024 பிப்ரவரியில் படித்தோம். ஒரே மலை, இரண்டு செய்தி. நடுவில் இருப்பது பள்ளிக்கூடம். அங்கே இரண்டு வருடம் போய்ப் பாடம் நடத்து என்று சொன்னால் தண்டனை என்கிறோம்!

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஏறினால் காவலூர். அங்கிருக்கும் வான்கூடத்தை நிறுவியவர் வைணு பாப்பு. அவர் தந்தை ஹைதராபாத் நிஜாமியா வான்கூடத்தில் வேலை பார்த்தவர். நவாப் ஜஃபர் ஜங் சொந்தப் பணத்தில் தொலைநோக்கி வாங்கித் தொடங்கிய கூடம் அது. (நம் செல்வந்தர்கள் ஒரு காலத்தில் பணத்தை எதில் போட்டார்கள் பாருங்கள்!) அங்கே நட்சத்திரம் பார்த்து வளர்ந்த மகன், இருபதுகளின் தொடக்கத்தில் ஹைதராபாத் அரசின் உதவித்தொகையோடு அமெரிக்காவின் ஹார்வர்டுக்குப் போனார். 1949இல் அங்கே அவர் கண்ட வால்நட்சத்திரத்தில் அவர் பெயரும் சேர்ந்தது. போன இடத்திலேயே தங்கிவிடவில்லை. சில ஆண்டுகளில் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினார். பிறகு நல்ல வானம் தேடி அலைந்து காவலூர்க் காட்டைப் பிடித்தார். 1968இல் 15 அங்குலத் தொலைநோக்கி ஒன்றை வைத்து வேலை தொடங்கியது. டவுன் வெளிச்சம் எட்டாத அந்த இருட்டுதான் அவருக்கு வேண்டியிருந்தது. 1977 மார்ச்சில் யுரேனஸ் கோளுக்கு வளையங்கள் உண்டு என்று உலகம் அறிந்தபோது, அதைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று. 1986இல் பிரதமர் ராஜீவ் காந்தி அந்தக் கூடத்துக்கு பாப்புவின் பெயரைச் சூட்டினார்.

வணிகப் பெருமக்களே, இது அரசு வேலைக்காரர்கள் சமாச்சாரம் என்று நீங்கள் சாய்ந்து உட்கார வேண்டாம். நம் பாட்டன்மார் இளம் வயதில் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொழும்புக்கும் சபர் போனவர்கள். தவணை முடிந்து திரும்பி வந்து சொந்தக் கடை போட்டவர்கள். இன்று உங்கள் மகன் பெட்டியடியை விட்டு நகர்வதில்லை. ஆறு மாதம் அவனை மலைக்கு அனுப்புங்கள். சாமையும் தேனும் புளியும் கடுக்காயும் எந்தப் பருவத்தில் வருகிறது, யார் கையில் மாறுகிறது, இடையில் எவ்வளவு ஒட்டிக்கொள்கிறது என்று அவனே பார்க்கட்டும். கடை ஊழியரை அனுப்பினால் தங்கும் செலவைக் கொடுங்கள், திரும்பி வந்தால் அவர் இடம் அவருக்கு உண்டு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். எடைக்கல்லை மட்டும் மலையில் ஒன்று, கடையில் ஒன்று என்று வைக்காதீர்கள்.

கைக்குழந்தைக்காரச் சகோதரிகள், படுக்கையில் கிடக்கும் தாய் தந்தைக்கு ஒற்றைப் பிள்ளையாக இருப்பவர்கள், இவர்களின் விஷயம் வேறு. அவர்களுக்காக நானே வந்து பேசுகிறேன். மற்றவர்கள் அடுத்த முறை கடிதம் கேட்டு வரும்போது ஆணையின் நகலைக் கொண்டு வாருங்கள். அதில் காலம் குறிக்கப்படாமல் இருந்தால், அதைக் குறித்து வாங்க உங்களோடு அலுவலகத்துக்கு வருகிறேன், இன்ஷா அல்லாஹ். ரத்து செய்யச் சொல்லிக் கடிதம் மட்டும் கேட்காதீர்கள், தரமாட்டேன்.