வந்தியின் பங்கு எவர் பங்கு?

(திருவாதவூரில் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி மாணவரும் பெற்றோரும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



வாதவூர் மண்ணில் நின்று பேசுகின்றவன் எவனாயினும் இருவரை நினையாமல் வாய் திறத்தல் இயலாது. ஒருவர் கபிலர், இவ்வூரிற் பிறந்தவர் என்பது வழிவழி வந்த செய்தி. மற்றொருவர் வாதவூரடிகளாகிய மணிவாசகர். இருவர் பாட்டையும் நீங்கள் பள்ளியிற் படிக்கின்றீர்கள். பொருளெழுதி மதிப்பெண் பெறுகின்றீர்கள். நான் இன்று பாட்டைப் பற்றிப் பேச வரவில்லை. மண் சுமப்பதைப் பற்றிப் பேச வந்துள்ளேன்.

ஆவணித் திங்கள்தோறும் மணிவாசகர் திருவுருவை இவ்வூரினின்று மதுரைக்கு எடுத்துச் செல்கின்றீர்கள். ஆகவே பிட்டுக்கு மண் சுமந்த கதையை உங்களுக்கு நான் விரிக்க வேண்டா. வையை பெருகிற்று, கரை உடைந்தது, பாண்டியன் கரையை அளந்து வீட்டுக்கு இவ்வளவு எனப் பங்கு வைத்தான். பிட்டு விற்றுப் பிழைக்கும் கிழவி வந்திக்கும் ஒரு பங்கு வீழ்ந்தது. அவளுக்கு ஆளில்லை. இறைவனே கூலியாளாய் வந்து, பிட்டைத் தின்று, ஆடிப்பாடிப் பொழுதைக் கழித்துப் பிரம்படி பட்டான். அந்த அடி எல்லார் முதுகிலும் விழுந்தது என்பர். இது நடந்ததா, இல்லையா என்னும் ஆராய்ச்சி வேறோர் அவைக்குரியது. இதனைக் கேட்கும்போதெல்லாம் என் உள்ளத்தில் எழும் வினா வேறு.

மதுரை அன்று சிற்றூரா? பாண்டியன் தலைநகர். வந்தியின் பங்கிற்கு வலப்பக்கத்தில் ஒருவன் மண் கொட்டியிருப்பான். இடப்பக்கத்தில் ஒருவன் கொட்டியிருப்பான். அவளிடம் நாள்தோறும் பிட்டு வாங்கித் தின்றவர் எத்தனை பேர்! அவருள் ஒருவன், "பாட்டி, உன் பங்கையும் சேர்த்து நானே அடைக்கின்றேன்" என்று சொன்னானா? அப்படி ஒருவன் சொல்லியிருந்தால் இறைவன் கூடையெடுக்க வேண்டிய தேவையே நேர்ந்திராது. அக்கதையை இறைவனின் பெருமைக்காகப் போற்றுகின்றோம், நன்று. அதே கதையில் ஊரின் சிறுமையும் எழுதப்பட்டிருக்கிறது. அதை நாம் படிப்பதேயில்லை.

இன்னொன்றும் நோக்குக. கரை ஒன்று, பங்கு பல. ஒரு பங்கு அடைபடாமல் நின்றாலும் வெள்ளம் அவ்வழியே ஊருக்குட் புகும். வந்தியின் பங்கு அடைபடவில்லையெனின் அவள் குடிசை மட்டுமா மூழ்கும்? ஆகவே அவளுக்குச் செய்வது கொடையன்று, இரக்கமன்று. நம் வீட்டைக் காக்கும் வேலையே. தொண்டு என்பதன் அடிப்படை இதுதான். மேலிருப்பவன் கீழிருப்பவனுக்குப் போடுவது தொண்டன்று. ஒரே கரையில் நிற்பவன் அடுத்த பங்கைப் பார்ப்பதே தொண்டு.

'சேவை' என்னும் வடசொல்லை இப்பொழுது எங்கும் வழங்குகின்றனர். வங்கியும் சேவை செய்கிறதாம். கைப்பேசிக் குழுமமும் சேவை செய்கிறதாம். அதற்குக் கட்டணமும் வரியும் சேர்த்து வாங்குகின்றனர். 'சமூக சேவை' என்று பள்ளிச் சான்றிதழில் அடித்துக் கொடுக்கின்றனர். குமுகாயத் தொண்டு என்னும்போது நாவிலேயே வேறொரு பொறுப்பு ஏறுகிறது. சொல்லை மாற்றினால் மட்டும் போதுமோ என்று கேட்பீர்கள். போதாது, அதற்குப் பின்னர் வருவேன்.

வீட்டுக்கு ஒரு பங்கு என்று பாண்டியன் அளந்து வைத்தது கதையோடு ஒழிந்த வழக்கமன்று. தமிழகத்தில் ஏறத்தாழ 39,000 ஏரி, கண்மாய்கள் உள்ளன. இவற்றுட் பெரும்பாலானவற்றை அரசன் ஆள் வைத்துப் பேணவில்லை, அவ்வவ்வூர் மக்களே கோடையில் வண்டல் வாரினர், வரத்துக்கால் செப்பனிட்டனர், கரையில் மண்ணிட்டனர், மழைநாளில் இரவெல்லாம் கரையிற் காவல் கிடந்தனர். இதற்குக் குடிமராமத்து என்று பெயர். குடி நம் சொல். மராமத்து அரபுச் சொல். பெயரிற் பாதியை இழந்தோம். பிறகு வேலையையும் இழந்தோம்.

இழந்த கரணியத்தைக் கேளுங்கள். ஆங்கிலர் ஆட்சி நீர்நிலைகளைத் தன் கைக்குக் கொண்டுவந்தது, வரி வாங்கிற்று. வரி வாங்குகின்றவனே கரையையும் பார்த்துக்கொள்ளட்டும் என்று மக்கள் ஒதுங்கத் தலைப்பட்டனர். 1858-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்திற்கெனக் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று வந்தது. வெள்ளம் வந்து கரை உடையும் நிலை நேரின் ஊரார் உழைக்க வேண்டும். வழக்கமாய்ச் செய்துவந்த கண்மாய் வேலையையும் செய்தாக வேண்டும். செய்யாதவனுக்கு ஒறுப்பு உண்டு. அகத்தினின்று வந்த கடமையைச் சட்டத்தின் பிரம்பால் மீட்க முயன்றனர், அது மீளவில்லை. விடுதலைக்குப் பின்னும் பொதுப்பணித்துறை என ஒன்று இருக்கின்றதே, நமக்கென்ன என்றிருந்தோம். 2017-ஆம் ஆண்டில் தமிழக அரசு 100 கோடி உருபா ஒதுக்கி, 1,519 பணிகளாகக் குடிமராமத்தை மீண்டும் தொடங்கிற்று. நல்லதே. ஆயினும் பழைய குடிமராமத்தில் பணம் பின்னால் நின்றது. குடி முன்னால் நின்றது.

பழமை என்பதற்காக அனைத்தையும் புகழ்ந்து தள்ளும் பழக்கம் நம்மவர்க்கு உண்டு. எனக்கு அது உடன்பாடன்று. பழைய ஊர்வேலையில் எல்லார் தோளும் ஒரே அளவில் மண் சுமக்கவில்லை. நிலமுடையவன் கரைமேல் குடைபிடித்து நின்றான். நிலமில்லாதவன் சேற்றில் நின்றான். மடை திறந்து நீர் பாய்ச்சும் நீர்க்கட்டியின் வேலை ஊரையே வாழ்வித்தது. ஆனால் அவனைத் தெருவுக்கு அப்பால் வைத்தது ஊர். பிரம்பு ஒருவன் கையிலும் கூடை ஒருவன் தலையிலும் இருந்தால் அதற்குத் தொண்டு என்று பெயரிடுதல் கொடுமை. இன்றும் தமிழ்நாட்டுப் பள்ளிகள் சிலவற்றில், கழிப்பிடம் துப்புரவு செய்க என்று ஒடுக்கப்பட்ட குடிப்பிள்ளைகளை மட்டும் ஏவிய செய்திகள் வெளிவந்து, வழக்குகளும் பதிவாகியுள்ளன. ஆசிரியப் பெருமக்களே, உங்களைப் பணிந்து கேட்டுக்கொள்கின்றேன்: துடைப்பம் எடுக்கும் வேலை இருப்பின் பெயர்ப்பட்டியலின் வரிசைப்படி எல்லார் கையிலும் அது வரட்டும், முதல் நாள் உங்கள் கையில் இருக்கட்டும். தொண்டு சாதியை உடைக்க வேண்டும். அல்லது அது சாதியின் பழைய வேலையாகவே நின்றுவிடும்.

இனி இன்றைய பள்ளிகளுக்கு வருவோம். 1969-ஆம் ஆண்டில் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவரோடு தொடங்கப்பெற்ற நாட்டு நலப்பணித் திட்டம் இன்று நம் மேல்நிலைப் பள்ளிகளிலும் நடைபெறுகிறது. பெயர் நல்ல தமிழாக அமைந்துவிட்டது, மகிழ்ச்சி. ஈராண்டில் 240 மணிநேரம் பணி. அதனோடு ஏழு நாள் ஓர் ஊரில் தங்கி உழைத்தல். திட்டத்திற் குறையில்லை. குறை நம் உள்ளத்திலே உள்ளது. ஏழு நாளும் முதல் நாள் திறப்பு விழா, கடைசி நாள் நிறைவு விழா, இடையே ஒளிப்படம். கோயில் முற்றத்தை ஏழாண்டாய்க் கூட்டுகின்றனர். முற்றத்திற்கு அடுத்த வீட்டில் கண் மங்கிய முதியவள் ஒருத்தி உணவுப்பங்கீட்டுக் கடைக்குப் போகவியலாமல் இருப்பதை எவரும் பார்ப்பதில்லை. அவள்தான் வந்தி. கூட்டுதல் எளிது, தம்பி; பார்த்தல் அரிது.

அந்தப் பார்வைக்குச் சான்று வேண்டின் உங்கள் கபிலரையே காட்டுவேன். பறம்பு வீழ்ந்தது, பாரி மடிந்தான், பறம்பின் வளமெல்லாம் மூவேந்தர் கைக்குப் போயிற்று. எஞ்சியவர் தந்தையிழந்த மகளிர் இருவர். கபிலர் அவர்க்கு உறவினரல்லர். வேந்தர் அவைகளிற் பாடிப் பரிசில் பெற்று வாழ்ந்திருக்கலாம். அவரோ அப்பெண்களை அழைத்துக்கொண்டு விச்சிக்கோனிடம் சென்றார், மறுத்தான். இருங்கோவேளிடம் சென்றார், அவனும் மறுத்தான். தமிழின் தலைசிறந்த புலவர் பிறர் மக்களுக்காக வாயில்தோறும் நின்று இல்லை எனும் சொல்லைக் கேட்டார். புறநானூற்றில் அப்பாட்டுகள் நிற்கின்றன. அவற்றிலுள்ள அணியை உங்களுக்குச் சொல்லித் தந்திருப்பார்கள். அந்த நடையைச் சொல்லித் தந்தார்களா?

தமிழ்ப் பற்றாளர்க்கு ஒரு சொல். 1965 சனவரி 25-இல் மதுரை மாணவர் இந்தித் திணிப்பை எதிர்த்துத் தெருவுக்கு வந்தனர். அந்தத் தீ தமிழகமெங்கும் பரவிற்று. அவர் தோளில் ஏறி நாம் நிற்கின்றோம். ஆயினும் 'தமிழ் வாழ்க' என்று எழுதிய சுவரின் அடியில் சாய்க்கடை ஓடுவதையும் நான் பார்க்கின்றேன். எழுதியவன் கையில் தூரிகை இருந்தது, மண்வெட்டி இல்லை. வங்கியிற் கொடுக்கும் படிவம் ஆங்கிலத்தில் இருக்கிறது. அதனை நிரப்பத் தெரியாத உழவன் எவனோ ஒருவனுக்குக் காசு கொடுத்து நிரப்புகின்றான். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி கிழமைக்கு இரண்டு மணிநேரம் ஊராட்சி அலுவலகத் திண்ணையில் அமர்ந்து, வருவோர்க்கு மடலும் வேண்டுகையும் நல்ல தமிழில் எழுதித் தருவாளாயின், அவள் செய்வது மொழித்தொண்டா, மக்கள்தொண்டா? இரண்டையும் பிரித்துக் காட்டுக, பார்ப்போம். சொல்லை மாற்றினால் மட்டும் போதாது என்று முன்னர்ச் சொன்னது இதனைத்தான்.

பெற்றோர் அஞ்சுவது எனக்குத் தெரியும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு என்றால் வீட்டில் பேச்சே அடங்கிவிடுகிறது. பிள்ளை படிக்கட்டும், வேண்டாமென்று எவர் சொன்னார்? கிழமையில் இரண்டு மணிநேரம் போதும். அதைவிடக் கூடுதலான நேரத்தைக் கைப்பேசி நாள்தோறும் தின்கிறது. அதற்கு எவரும் அஞ்சக் காணோம். மாணவரை நீரில் இறக்கும் எவ்வேலையையும் நான் ஏற்கமாட்டேன். கண்மாயின் ஆழம் பெரியவர்க்கே பிடிபடுவதில்லை. ஆண்டுதோறும் பிள்ளைகளை இழக்கின்றோம். கரையோடு நில்லுங்கள்.

கரையிற் செய்ய வேலையா இல்லை? மழைக்கு முன் புரட்டாசியில் பனங்கொட்டை ஊன்றலாம். பனையின் வேர் கரையைப் பிடித்து நிற்கும். அது பயன்தரப் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள் ஆகும். அப்பொழுது நீங்கள் எங்கோ பணியில் இருப்பீர்கள். நுங்கை வேறொருவன் தின்பான். தின்னட்டும். வரத்துக்காலில் அடைந்த நெகிழிப் பைகளை நீர் வருமுன் வாரலாம்.

உவாமலைக்கும் கண் வையுங்கள். ஏறத்தாழ 2,000 ஆண்டுகட்கு முன், தங்குவோர்க்காக உறையுள் வெட்டித் தந்தவர் பெயர் அங்கே தமிழி எழுத்திற் பொறிக்கப்பட்டுள்ளது. பிறர்க்குச் செய்தவன் பெயர் அங்கே நிற்கிறது. இத்தகைய பாறைகளில் ஆணிகொண்டு தன் பெயரையும் காதலி பெயரையும் கீறுகின்றவனும் இருக்கின்றான். அவனைத் தடுப்பதற்குக் காவலர் வேண்டா. அவ்வெழுத்தைப் படிக்கத் தெரிந்த மாணவர் நால்வர் போதும். நம் மேலூர் வட்டத்து அரிட்டாபட்டியை நினையுங்கள். 2022-இல் அங்கே 193 எக்டேர் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024 நவம்பரில் அப்பகுதியை உள்ளடக்கிய 2,015 எக்டேரில் டங்சுடன் கனிமம் எடுக்க ஏலம் முடிந்த செய்தி வந்தபோது, சுற்றூர் மக்கள் ஊரவையில் தீர்மானம் இயற்றினர். மதுரைக்கு நடந்தே சென்றனர். 2025 சனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தைக் கைவிட்டது. தம் மலையில் என்ன இருக்கிறது என்று அறிந்திருந்தமையால் அவர்கள் எழுந்தனர். அறியாத ஊர் எதற்கு எழும்?

நெடுநேரம் பேசிவிட்டேன். வரும் ஞாயிறு காலை 6 மணிக்குக் கண்மாய்க் கரையிற் கூடுவோம். அதற்கு முன் ஒவ்வொருவரும் தத்தம் தெருவில் ஆளில்லாத வீடு எது என்று பார்த்து வந்து எனக்குச் சொல்லுங்கள். மண்வெட்டி பெரியவர்களிடம் இருக்கும். நீங்கள் கூடை கொண்டு வாருங்கள்.