கடைசி வண்டி எங்க இருக்கு?

இன்னைக்கு குரூப் ரைடு பத்திப் பேசலாம். அதுவும் எங்க ஊர்ப் பக்கத்து ரைடு. தேவாரத்துல கிளம்பி, ராசிங்காபுரம், சிலமலை வழியா போடி. அங்கிருந்து முந்தல், அப்புறம் மலை ஏறி போடிமெட்டு. மொத்தம் 17 கொண்டை ஊசி வளைவு. ரீல்ஸ்ல பார்த்திருப்பீங்க. ரீல்ஸ்ல பனி அழகா இருக்கும். நேர்ல அந்தப் பனிக்குள்ள முன்னாடி போற வண்டியோட பின்விளக்குகூடத் தெரியாது.

ரெண்டு வருஷம் முன்னாடி, ஐப்பசி மாசம், ஏழு வண்டியில போனோம். எல்லாரும் ஸ்கூல் காலத்து பசங்க. மேல செக்போஸ்ட் பக்கத்துல டீக்கடையில நிறுத்தி, டீ சொல்லி, போட்டோ எல்லாம் எடுத்து முடிச்ச பிறகுதான் ஒருத்தன் எண்ணிப் பார்த்தான். ஆறு வண்டிதான் நிக்குது. நான் அவன் முன்னாடி போயிட்டான்னு நினைச்சேன். முன்னாடி போனவன், அவன் என்கூட வர்றான்னு நினைச்சிருக்கான். போன் போட்டா டவர் இல்ல.

கீழ இருந்து ஏறி வந்த ஒரு ஜீப் டிரைவர்தான் சொன்னாரு: "புலியூத்துக்கு மேல ஒரு தம்பி தனியா நடந்து வர்றாப்ல. உங்க ஆளா? லைட்ட போட்டும் கிட்ட வந்துதான்யா தெரிஞ்சாரு."

கிளட்ச் கேபிள் அந்து போச்சு. அவ்வளவுதான் பிரச்சினை. ஆனா அவன் வண்டிய ஓரமா விட்டுட்டு, நாங்க எங்கயாவது காத்திருப்போம்னு நம்பி, பனிக்குள்ள ரோட்டுல நடக்க ஆரம்பிச்சிருக்கான். ரிஃப்ளெக்டர் இல்ல, கறுப்பு ஜெர்கின். அந்த ஜீப் இன்னும் ஒரு அடி உள்ள வந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு இப்பவும் நினைச்சுக்குவேன்.

அதுக்கப்புறம்தான் கூட்டமா போறவங்க இதை எப்படிச் சமாளிக்கிறாங்கன்னு தேட ஆரம்பிச்சேன். நல்ல பதில் கிடைச்சது எங்க தெரியுமா? கடல்ல. தேவாரத்துக்காரனுக்கும் பாய்மரப் படகுக்கும் என்னய்யா சம்பந்தம்னு கேட்காதீங்க. கிரீஸ், குரோஷியா மாதிரி பாறைக் கரை இருக்கிற நாடுகள்ல பத்துப் படகு சேர்ந்து கிளம்புவாங்க. காலையில எல்லாரையும் உட்கார வெச்சு, இன்னைக்குக் காத்து எப்படி, எந்த வழி, ராத்திரி எங்க நங்கூரம் போடுறோம்னு சொல்லிடுவாங்க. வழி தெரிஞ்ச படகு ஒண்ணு கூடவே வரும். ரேடியோவுல எந்த சேனல்ல பேசணும்னு முன்னாடியே முடிவாகிடும். அதே சமயம் ஒவ்வொரு படகுக்கும் அதோட கேப்டன்தான் பொறுப்பு. கூட்டத்துல வந்தேன், அதனால வந்தேன்னு சாக்கு சொல்ல முடியாது.

கடல்ல இந்தப் பாடமெல்லாம் சும்மா வரல. 1979 ஆகஸ்ட்ல ஃபாஸ்ட்நெட் பந்தயம். இங்கிலாந்துல இருந்து அயர்லாந்துக் கரைக்கு வெளிய இருக்கிற ஒரு பாறைய சுத்திட்டுத் திரும்பணும். 303 படகு கிளம்புச்சு. நடுவுல புயல். போட்டியாளர்கள் 15 பேர் இறந்துட்டாங்க. 24 படகை ஆளுங்க கைவிட்டாங்க. ஆனா அதுல பெரும்பாலானது மூழ்கவே இல்ல, பின்னால மிதந்துக்கிட்டு இருந்ததை எடுத்தாங்க. படகு உண்மையிலேயே மூழ்குற வரைக்கும் அதை விட்டு இறங்காதேன்னு மாலுமிகள் இன்னைக்கும் சொல்றாங்க. நம்ம பய வண்டிய விட்டுட்டு நடந்ததை யோசிச்சுப் பாருங்க. அங்கயே, சாலைக்கு வெளிப்பக்கமா தள்ளி நின்னுக்கிட்டு இண்டிகேட்டரைப் போட்டிருந்தா போதும்.

எங்க மலைக்கும் ஒரு துயரம் இருக்கு. 2018 மார்ச் 11, குரங்கணி. முந்தல்ல இருந்து பிரியிற ரோடுதான் அந்த ஊருக்குப் போகுது. கொழுக்குமலைப் பக்கம் டிரெக்கிங் வந்தவங்க இறங்கும்போது காய்ஞ்ச புல்லுல தீ பிடிச்சு, காத்துல பரவி, கூட்டம் திசைக்கொண்ணா சிதறிடுச்சு. 20 பேருக்கு மேல உயிரிழந்தாங்க. இதை நம்ம டீக்கடை கதையோட சமமா வெக்கல, வெக்கவும் கூடாது. ஆனா அந்த மலையில ஏறுற யாரும் அதை மறந்துட்டு ஏறக் கூடாது. அதுக்கப்புறம்தான் அரசு அதே வருஷம் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் கொண்டு வந்துச்சு. 2024 அக்டோபர்ல 40 வழித்தடங்களோட 'டிரெக் தமிழ்நாடு' ஆரம்பிச்சாங்க. குரங்கணி - சாம்பலாறும் அதுல ஒண்ணு. நடக்கணும்னா அதுல பதிவு பண்ணி, வழிகாட்டியோட போங்க. தெரிஞ்ச அண்ணன் கூட்டிட்டுப் போறேன்னாருன்னு போகாதீங்க.

சரி, ரைடுக்கு வர்றேன். இப்ப நாங்க என்ன பண்றோம்? போடியில பெட்ரோல் போட்டுட்டு அஞ்சு நிமிஷம் பேசுவோம். நல்லா ஓட்டுறவன் ரெண்டு பேர், ஒருத்தன் முன்னாடி, ஒருத்தன் கடைசி. கடைசி ஆளை யாரும் பின்னால விடக் கூடாது. ஒவ்வொருத்தரும் பார்க்க வேண்டியது தனக்குப் பின்னாடி வர்ற வண்டியைத்தான், முன்னாடி போறதை இல்ல. கண்ணாடியில அது காணலைன்னா நிறுத்து. நீ நின்னா உனக்கு முன்னாடி இருக்கிறவன் நிப்பான். அப்படியே சங்கிலி மாதிரி எல்லாரும் நின்னுடுவோம். வேகம்? மெதுவா போறவனோட வேகம்தான் எல்லாருக்கும். இதுக்கு நிறைய பேர் முகம் சுளிப்பாங்க. சுளிக்கட்டும்.

அப்புறம் ஜீப். தேவாரம், போடி, கம்பம் பக்கமிருந்து விடியக்காலையிலேயே ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் ஏத்திக்கிட்டு ஜீப்புங்க மேல போகும், சாயங்காலம் இறங்கும். நமக்கு அது ஞாயித்துக்கிழமை ஜாலி. உள்ள நெருக்கி உட்கார்ந்திருக்கிற அக்காமார்களுக்கு அது அன்னாடக் கூலி. அந்த நேரத்துல வளைவுல ஓவர்டேக் பண்ணாதீங்க. ஏறுற வண்டிக்கு இறங்குற வண்டி வழி விடணும், இது மலைச்சாலை விதி. இறங்கும்போது நியூட்ரல் போடாம, ரெண்டாவது கியர்ல விட்டு, என்ஜின்லயே வேகத்தைப் பிடிச்சு இறங்குங்க. பிரேக்க அமுத்திக்கிட்டே வந்தா சூடாகி, கடைசி வளைவுகள்ல அது பேச்சைக் கேட்காது.

இன்னொண்ணு, ஒரு கிளட்ச் கேபிள் வாங்கி சீட்டுக்கு அடியில வெச்சுக்கோங்க. மாட்டத் தெரியலைன்னா போடி மெக்கானிக் யார்கிட்டயாவது கேட்டுக் கத்துக்கோங்க. எங்க பய இப்ப ரெண்டு வெச்சிருக்கான். ஒண்ணு அவனுக்கு, ஒண்ணு எங்கள்ல எவனுக்காவது. கடைசி வண்டியும் இப்ப அவன்தான்.