டாக்டர் படிப்பின் பாடத்திட்டமும் நம் வீட்டு வாசலும்

(நம் அறக்கட்டளையின் கல்வி உதவித்தொகை வழங்கும் நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)



ஜமாஅத் பெரியவர்களே, தாய்மார்களே, உதவித்தொகை பெற வந்திருக்கும் பிள்ளைகளே!

இப்படிப்பட்ட கூட்டங்களில் எந்தப் படிப்பு நல்லது, எவ்வளவு கட்டணம், எந்த மதிப்பெண்ணுக்கு எந்தக் கல்லூரி என்று பேசுவது வழக்கம். சேர்ந்த பிறகு உள்ளே என்ன கற்றுத் தருகிறார்கள், அதை எந்த அடிப்படையில் வகுத்தார்கள் என்பது பேராசிரியர்கள் பாடு என்று விட்டுவிடுவோம். இந்த ஆண்டு எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தைப் பற்றியே பேசலாம் என்று நிர்வாகக் குழுவில் முடிவு செய்தோம். அதற்குக் காரணம் உண்டு. அந்தப் பாடத்திட்டத்தில் இப்போது நம் வீடும் ஒரு வகுப்பறை ஆகிவிட்டது.

நம் பெரியவர்கள் காலத்து டாக்டர் படிப்பு எப்படி இருந்தது? முதலில் பிணத்தை அறுத்து உடலின் அமைப்பைப் படிப்பார்கள். பிறகு மருந்தும் நோயும் புத்தகத்தில் வரும். அதற்கும் பிறகுதான் உயிரோடிருக்கும் நோயாளி. முதலில் ஆய்வுக்கூடம், பிறகு ஆஸ்பத்திரி என்ற இந்த வரிசை வெளிநாட்டிலிருந்து வந்தது. 1910இல் ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர் என்பவர் அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 மருத்துவப் பள்ளிகளைப் பார்வையிட்டு ஓர் அறிக்கை எழுதினார். அவர் டாக்டர் அல்ல, கல்வியாளர். அவருடைய அறிக்கைக்குப் பிறகு இந்த வரிசை உலகெங்கும் இறுகியது. அதனால் நன்மையும் உண்டு. போலிப் பள்ளிகள் பல மூடப்பட்டன. ஆனால் மாணவர் சந்திக்கும் நோயாளி எப்போதும் கட்டிலில் படுத்திருப்பவராகவே இருந்தார். அவர் எந்தத் தெருவிலிருந்து வந்தார், திரும்பிப் போய் என்ன சாப்பிடுவார் என்பது பாடத்தில் இல்லை.

இந்தக் குறை நம் நாட்டில் அப்போதே தெரிந்திருந்தது. 1946இல் வெளிவந்த போர் குழு அறிக்கை, சமூகத்தை அறிந்த மருத்துவரே இந்தியாவுக்கு வேண்டும் என்று சொல்லிவிட்டது. நடைமுறைக்கு வரத்தான் பல பத்தாண்டுகள் ஆயின.

பெரிய மாற்றம் 2019இல் சேர்ந்த மாணவர்களிடமிருந்து தொடங்கியது. அதுவரை, ஆசிரியருக்கு என்ன தெரியுமோ அதை ஆண்டுவாரியாகப் பிரித்துப் பாடமாக வைத்தார்கள். புதிய முறையில் கடைசியிலிருந்து தொடங்குகிறார்கள். படிப்பை முடித்து வெளியே வரும் டாக்டரால் என்னென்ன செய்ய முடிய வேண்டும்? அதை முதலில் எழுதுகிறார்கள். அதை எப்படிச் சோதிப்பது என்பதை அடுத்து முடிவு செய்கிறார்கள். எதை, எங்கே, எந்த ஆண்டில் கற்பிப்பது என்பது அதற்குப் பிறகுதான். அளவெடுத்த பிறகே தையல்காரர் துணியில் கத்தரி வைக்கிறார், அதுபோலத்தான். எந்தத் தொழிற்கல்விக்கும் இதுவே சரியான முறை என்பது எங்கள் கருத்து. சட்டப் படிப்புக்கும் ஆசிரியர் பயிற்சிக்கும் கூட.

சோதிப்பதில் நான்கு படிகள் உண்டு. தெரிந்திருப்பது ஒன்று. எப்படிச் செய்வது என்று தெரிந்திருப்பது அடுத்தது. பிறர் முன் செய்து காட்டுவது மூன்றாவது. நிஜத்தில் தானே செய்வது நான்காவது. ஜார்ஜ் மில்லர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1990இல் வகுத்தது இது. ஊசி போடும் முறையைப் பத்து மதிப்பெண்ணுக்கு அழகாக எழுதியவர் கையில் ஊசியைக் கொடுத்தால் கை நடுங்கும். அந்த விடைத்தாளுக்கு முழு மதிப்பெண் கொடுத்தது பழைய முறை.

நோயாளியைச் சுற்றியே பாடம் என்பது நம் முன்னோருக்குப் புதிதல்ல. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மருத்துவ மேதை அபூபக்ர் அர்ராஸி எப்படிக் கற்பித்தார் என்பதை பக்தாதைச் சேர்ந்த இப்னு நதீம் எழுதி வைத்திருக்கிறார். ராஸியைச் சுற்றி மாணவர்கள் வட்டம் வட்டமாக அமர்ந்திருப்பார்கள். வரும் நோயாளி தன் நோயை முதலில் வெளிவட்டத்தில் இருப்பவர்களிடம் சொல்வார். அவர்களுக்குத் தெரியாவிட்டால் அடுத்த வட்டம். அவர்களுக்கும் பிடிபடாவிட்டால்தான் ராஸி வாய் திறப்பார். இளைய மாணவர் முதல் நாளிலேயே நோயாளியின் குரலைக் கேட்கிறார் அல்லவா? நம் நாட்டின் புதிய பாடத்திட்டத்திலும் முதலாம் ஆண்டிலேயே நோயாளிகளைச் சந்திக்க ஏற்பாடு வைத்திருக்கிறார்கள்.

வீட்டைப் பார்க்க வேண்டியது ஏன்? இதற்கு நம் மண்ணே சாட்சி. 1950களில் காசநோய் என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும் என்பதே உலகத்தின் நம்பிக்கை. சென்னை சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய ஆய்வு மையம், நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும் மறு பகுதியினரை அவரவர் ஏழை வீடுகளிலுமே வைத்து ஓராண்டு மருந்து கொடுத்துப் பார்த்தது. 1959இல் முடிவு வந்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்தார்கள். அவர்களால் வீட்டாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. உலகம் முழுவதும் காசநோய் சிகிச்சை மாறியது. அடுத்து 1968இல், அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் திருவள்ளூரைச் சுற்றிய ஊர்களில், இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டு பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு நடந்தது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று தெரிந்தது. (குழந்தைகளுக்கு வரும் கடுமையான காசநோயிலிருந்து அது காக்கிறது. பிறந்த பிள்ளைக்குத் தவறாமல் போட வேண்டும்.) இன்று உலகின் மருத்துவக் கல்லூரிகளில் படிக்கப்படும் இந்த இரு முடிவுகளும் எழுத்துகூடப் படிக்காத நம் பாட்டன் பாட்டிகள் வாசல் திறந்து கொடுத்ததால் கிடைத்தவை.

மாமல்லபுரத்துக்கு வருவோம். சிற்பக்கூடத்தில் கல் செதுக்கும் ஒருவருக்கு ஓயாத இருமல். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறார்கள். காசநோய் போலத் தெரிகிறது. மாத்திரை எழுதுகிறார்கள். கல் தூசு நுரையீரலில் படிந்து தழும்பாவது வேறு நோய். அதற்குப் பெயர் சிலிக்கோசிஸ். அதற்கு முழுக் குணம் இல்லை. அந்தத் தழும்பு உள்ளவருக்குக் காசநோயும் எளிதில் வரும். இவருக்கு எது, அல்லது இரண்டுமா? இதைப் பிரித்தறிய டாக்டர் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: என்ன வேலை பார்க்கிறீங்க? இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி, இந்தக் கேள்வியை ஒவ்வொரு நோயாளியிடமும் கேளுங்கள் என்று 1700இலேயே எழுதினார். வெளிநோயாளிப் பிரிவில் நூறு பேர் வரிசையில் நிற்கும்போது அந்தக் கேள்வி மறந்து போகும். படிக்கும் காலத்தில் ஒருமுறையாவது அந்தத் தூசு பறக்கும் கூடத்துக்குப் போய் நின்றவருக்கு மறக்காது.

இதற்காகத்தான் குடும்பத் தத்தெடுப்புத் திட்டம் வந்தது. தேசிய மருத்துவ ஆணையம் 2021-22இல் சேர்ந்த மாணவர்களிலிருந்து இதைப் பாடத்திட்டத்தில் சேர்த்தது. ஒவ்வொரு மாணவரும் கிராமத்தில் சில குடும்பங்களை முதலாம் ஆண்டிலேயே ஏற்றுக்கொண்டு, படிப்புக் காலம் முழுதும் அவர்களின் உடல்நலத்தைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும். இரத்த அழுத்தம், சர்க்கரை, இரத்தசோகை, தடுப்பூசி, குடிநீர், கழிப்பறை எல்லாம் அதில் வரும். 1965இல் தொடங்கிய நம் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரிக்கும், மாவட்டத்தில் உள்ள தனியார் கல்லூரிகளுக்கும் இதே விதிதான்.

இதில் எங்களுக்கு ஒரு கவலையும் உண்டு. மாணவர் பெற வேண்டிய திறன்கள் என்று 2018இல் வெளியிட்ட பட்டியலில் ஏறத்தாழ 2,900 இருந்தன. இத்தனையையும் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்க ஓடும் பிள்ளைக்கு, நம் வீடும் நிரப்ப வேண்டிய இன்னொரு பக்கமாகிவிடலாம். ஐந்து நிமிடத்தில் எழுதிக்கொண்டு போகலாம், போகாமலே எழுதவும் செய்யலாம். தாளில் இருக்கும் எந்தப் பாடத்திட்டத்துக்கும் இந்த ஆபத்து உண்டு. தடுக்கக்கூடியவர்கள் ஆணையத்தில் இல்லை. வாசலின் இந்தப் பக்கத்தில் இருக்கிறோம்.

கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை நம் தெருக்களில் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியும். அட்டை மாட்டிய இரண்டு பிள்ளைகள் வருவார்கள். "வீட்ல ஆம்பளைங்க இல்ல, அப்புறம் வாங்க" என்று கதவு சாத்தப்படும். அல்லது மருமகளிடம் கேட்ட கேள்விக்கு மாமியார் பதில் சொல்வார். மருமகளின் இரத்தசோகை யாருக்கும் தெரியாமல் போகும். அரசு கல்லூரி இடங்களில் 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீடு. தமிழே தெரியாத வடநாட்டுப் பிள்ளையும் வரலாம். அவர்களுக்கு உள்ளூர் மொழி கற்பிக்கப் படிப்பின் தொடக்கத்திலேயே வகுப்பு வைத்தார்கள், பின்னர் அதற்கான காலத்தைக் குறைத்தும் விட்டார்கள். மீதித் தமிழை நம் வீட்டுத் திண்ணைதான் கற்றுத்தர வேண்டும். தாய்மார்களே, கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள்!

பர்தாவும் தனிமையும் நம் உரிமை. அதை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. கல்லூரி அடையாள அட்டையைக் கேட்டுப் பாருங்கள். பெண்களைப் பரிசோதிக்க மாணவிதான் வர வேண்டும் என்று சொல்லுங்கள். விருப்பமில்லாத கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கலாம். உங்கள் சம்மதம் இல்லாமல் எதையும் செய்யக்கூடாது என்பதும் அவர்களுக்கு ஒரு பாடமே. மனப்பான்மை, அறநெறி, பேசும் முறை ஆகியவற்றுக்கென்று தனிப் பகுதியே இருக்கிறது. மாணவர்கள் மருந்து எழுத முடியாது. எழுதினால் வாங்க வேண்டாம், அவர்களின் ஆசிரியரைக் கேளுங்கள். சென்ற முறை எடுத்த இரத்தப் பரிசோதனையின் முடிவு என்ன என்று அடுத்த முறை நீங்கள் கேட்டால், அந்தப் பிள்ளை பதிவேட்டை ஏமாற்ற முடியாது.

இன்று உதவித்தொகை பெறுபவர்களில் மருத்துவம் படிக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களும் நாளை முன்பின் தெரியாத ஓர் ஊரில், வேறு மதத்தவர் வீட்டு வாசலில் நிற்பார்கள்.

நம் அறக்கட்டளையின் சார்பில் கல்லூரிகளின் சமூக மருத்துவத் துறைக்குக் கடிதம் எழுத இருக்கிறோம். நம் மஹல்லாக்களுக்கு மாணவர்கள் வரும் நாளை முன்கூட்டியே சொன்னால், வீடு வீடாகக் கூட்டிச் செல்லத் தெருவை அறிந்த பெண்கள் துணைக்கு வருவார்கள் என்று அதில் சொல்லப் போகிறோம். அதற்கு முன்வரும் சகோதரிகள் ஜும்ஆவுக்குப் பிறகு அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம். வர முடியாதவர்கள் வீட்டு ஆண்கள் வழியாகச் சொல்லி அனுப்பினாலும் போதும். இன்ஷா அல்லாஹ், பட்டியல் தயாரானதும் கடிதம் போகும்.

வஸ்ஸலாம்.