காட்டைக் காக்கும் கைகளுக்கே காட்டின் மீது உரிமை வேண்டும்

(உத்தராகண்ட் மாநிலம் அல்மோரா மாவட்டத்தில், மலைப்பகுதி விவசாயிகளுக்கான பயிற்சி முகாமில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)

தோழர்களே,

மார்ச் மாதம் பிறந்தால் இந்த மலைகளில் பைன் மரங்கள் ஊசியிலைகளை உதிர்க்கத் தொடங்குகின்றன. நீங்கள் 'பிரூல்' என்றழைக்கும் அந்தச் சருகு, ஜூன் மாதத்தில் மழை இறங்கும் வரை சரிவெங்கும் மெத்தைபோல் படிந்து கிடக்கிறது. பிசின் ஏறிய சருகு அது. ஒரு பொறி போதும். தீ மேட்டை நோக்கிப் பாய்கிறது. எரியும் பைன் காய்களோ பள்ளத்தில் உருண்டு புதிய இடங்களைப் பற்ற வைக்கின்றன. இவற்றை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தீயைத் தடுக்கும் பொறுப்பு யாருடையது, அதற்கான அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதே இன்று நாம் விவாதிக்க வேண்டிய கேள்வி.

ஆட்சியாளர்களிடம் இதற்கு ஒரு பதில் தயாராக இருக்கிறது: மக்களே தீ வைக்கிறார்கள் என்பதுதான் அது. 2024 மே மாதத்தில் உச்ச நீதிமன்றத்திலும் மாநில அரசு, தீ விபத்துகள் யாவும் மனிதரால் ஏற்பட்டவை என்றே கூறியது. ஆனால் அதே வழக்கில், காடு எரிந்துகொண்டிருந்த நேரத்தில் வனத்துறை ஊழியர்களைத் தேர்தல் பணிக்கு அனுப்பியது ஏன் என்று நீதிமன்றம் கேட்டது. அடுத்த மாதம், ஜூன் 13 அன்று, இதே மாவட்டத்தின் பின்சர் சரணாலயத்தில் தீயை அணைக்கச் சென்ற நான்கு பணியாளர்கள் கருகி மாண்டனர். தினக்கூலித் தொழிலாளியும் பருவகாலத் தீக்காவலரும் அவர்களுள் அடங்குவர். தீயின் முன் நிற்பவர் உழைப்பாளி. பழி சுமப்பவரும் உழைப்பாளி!

சற்று வரலாற்றைப் பார்ப்போம். பிரிட்டிஷ் ஆட்சி குமாவோன் காடுகளை 'ஒதுக்கப்பட்ட காடுகள்' என்று அறிவித்துப் பறித்துக்கொண்டது. மேய்ச்சலும் விறகும் புல்லும் குற்றமாக்கப்பட்டன. தீவனமும் தழையும் தந்து, ஈரத்தையும் காத்த கருவாலி மரங்கள் பின்தள்ளப்பட்டன. மரத்துக்கும் பிசினுக்குமாகப் பைன் மரமே போற்றி வளர்க்கப்பட்டது. 1921இல் மக்கள் கட்டாய ஊழியத்தை எதிர்த்து எழுந்தார்கள்; பைன் காடுகளுக்குத் தீயிட்டார்கள். தங்கள் வாழ்வுக்கு உதவிய அகன்ற இலைக் காடுகளை அவர்கள் பெரும்பாலும் தொடவில்லை. அப்போராட்டத்தின் அழுத்தத்தால் குறைகேட்கும் குழு அமைந்தது; 1931இல் வனப் பஞ்சாயத்து விதிகள் வந்தன. இன்று இம்மாநிலத்தில் 11 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வனப் பஞ்சாயத்துகள் இருக்கின்றன.

இந்த வரலாறு தரும் பாடம் எளிது. தனக்குரியது என்று கருதும் காட்டை மக்கள் காக்கிறார்கள். பறிக்கப்பட்ட காடு எரியும்போது அவர்களின் கால்கள் தயங்குகின்றன. இதற்கு ஷீத்லாகேத் சாட்சி. வயலோரப் புதர்களை வெட்டிக் குவித்து எரிப்பது மலை விவசாயியின் பழைய வழக்கம். அதில் கைமீறும் தீ காட்டுக்குப் பரவுவதுண்டு. அவ்வழக்கத்தை அங்குள்ள கிராமத்தார் பழிக்கவில்லை, காலத்தை மாற்றினார்கள். மார்ச் 31க்குள் எரிப்பு வேலை முடிந்துவிட வேண்டும் என்று கூடி முடிவெடுத்தார்கள். ஏப்ரல் முதல் நாளை 'ஓண் திவஸ்' என்று கடைப்பிடிக்கிறார்கள். மகளிர் மன்றங்கள் இதற்கு முதுகெலும்பாக நிற்கின்றன. தீ மூண்டால் பசுங்கிளைகளை ஒடித்துக்கொண்டு முதலில் ஓடுவோரும் அப்பெண்களே.

ஆகவே தோழர்களே, ஒவ்வொரு கிராமத்திலும் நாம் செய்ய வேண்டியவை சில உள்ளன. பிப்ரவரியிலேயே ஊர்க்கூட்டம் கூட்டி, எரிப்பு வேலைக்கு நாள் குறிக்க வேண்டும். ஒரு வீடு எரிக்கும்போது அண்டை வீட்டார் துணை நிற்க வேண்டும். காற்றடிக்கும் பிற்பகலில் எவரும் எரிக்கலாகாது. வீடு, மாட்டுக்கொட்டில், வைக்கோற்போர் ஆகியவற்றைச் சுற்றிச் சருகை அகற்ற வேண்டும். ஆண்கள் நகரங்களுக்குப் பிழைக்கச் சென்ற வீடுகளையும், முதியோர் தனித்து வாழும் வீடுகளையும் கணக்கெடுத்து, அவர்களின் பங்கை ஊர் ஏற்க வேண்டும். பூட்டிக் கிடக்கும் வீட்டின் முற்றத்துச் சருகு பக்கத்து வீட்டையும் எரிக்கும். தலித் குடும்பங்களை வேலைக்கு மட்டும் அழைத்து, முடிவெடுக்கும்போது ஒதுக்கும் வழக்கம் எங்கிருந்தாலும் அதை ஒழிக்க வேண்டும்; அதன்றி ஊர் ஒற்றுமை என்பது வெறும் சொல்.

ஆனால் நமது உழைப்பு அரசின் பொறுப்புக்கு மாற்றாகிவிடக் கூடாது. 1927ஆம் ஆண்டு வனச் சட்டத்தின் 79ஆம் பிரிவு, காட்டில் உரிமை அனுபவிப்போர் தீயணைக்க உதவக் கடமைப்பட்டவர் என்கிறது. கடமையைச் சட்டமாக்கியவர்கள் கூலியையும் பாதுகாப்பையும் சட்டமாக்கவில்லை. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டமோ, சமூகக் காட்டைப் பாதுகாக்கவும் நிர்வகிக்கவும் மக்களுக்கு உரிமை உண்டென்று ஏற்றுக்கொண்டது. அவ்வுரிமையைக் கிராம சபைகள் கோரிப் பெற வேண்டும்.

நம் கோரிக்கைகள் தெளிவானவை. தீத்தடுப்புக் கோடு அமைக்கும் வேலைக்கு ஊரக வேலைத் திட்டத்தில் கூலி வேண்டும். தீயணைப்போருக்குக் காலணி, உடை, காப்பீடு வேண்டும். உயிரிழந்தால் நிரந்தர ஊழியருக்கும் தினக்கூலிக்கும் ஒரே இழப்பீடு வேண்டும். கிலோ 3 ரூபாயாக இருந்த பிரூல் விலையை 50 ரூபாயாக்குவதாக 2024இல் மாநில அரசு அறிவித்தது. அறிவிப்பு அடுப்பெரிக்காது! ஊருக்கருகே கொள்முதல் நிலையமும், சுமந்து வந்த பெண்ணின் கையில் தாமதமின்றிப் பணமும் வேண்டும். பைன் மட்டுமே நிறைந்த சரிவுகளில் கருவாலியை மீண்டும் நட, வனப் பஞ்சாயத்துக்கு நிதியும் அதிகாரமும் வேண்டும்.

1921இல் இம்மலை மக்கள் மூட்டிய தீ, பறிக்கப்பட்ட காட்டின் மீதான உரிமைக் குரல். இன்று தீயை அணைக்கும் கைகளிலும் அதே உரிமைக் குரல் ஒலிக்கட்டும். அடுத்த மார்ச்சுக்கு முன் ஒவ்வொரு கிராமத்திலும் முதல் ஊர்க்கூட்டம் நடந்தாக வேண்டும். அந்தப் பொறுப்பை ஏற்று ஊர் திரும்புங்கள், தோழர்களே!